முதல் ஜியோகேஷிங் கருவி: கார்மின் ஈட்ரெக்ஸ் எஸ்இ, கொடிமலை அனுபவத்திலிருந்து

யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியை (கேஷ்), அதன் இடக்குறிப்பு எண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டான ஜியோகேஷிங்கைத் தொடங்க நினைப்பவருக்குக் கையிலுள்ள கைப்பேசியே போதாதா என்று கேட்டால், பினாங்கின் ஜோர்ஜ்டவுன் நகருக்குள் தேடும் வரை தாராளமாகப் போதும் என்பேன். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு நடுவே துணைக்கோளச் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி எந்தக் கருவியையும் சில மீட்டர் தடுமாற வைக்கும். அங்கே விலை கூடிய கருவி வைத்திருப்பவரும் கடைசியில் அஞ்சடியின் (கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) தூணின் பின்புறத்தைக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். தனிக் கருவி வேண்டுமா என்ற கேள்வி எழுவது, தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள மூன் கேட் வாயிலிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு மலை) ஏறத் தொடங்கும்போதுதான்.

நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு பழைய கருவியோடுதான் அந்த மலையில் முதலில் தேடினேன். நடக்கும்போது அதன் அம்பு ஒழுங்காக வழிகாட்டியது. இலக்குக்குப் பன்னிரண்டு மீட்டர் இருக்கையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தபோதோ, முதலில் பள்ளத்தைக் காட்டியது, பிறகு நான் வந்த வழியையே காட்டியது. கருவியில் பழுது எதுவும் இல்லை. மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவிகள், நாம் அடுத்தடுத்து நின்ற இடங்களை ஒப்பிட்டே எந்தப் பக்கம் போகிறோம் என்று கணிக்கின்றன. நாம் நின்றுவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை, அடர்ந்த மரங்களுக்குக் கீழே இடக்கணிப்பு சற்று அலைவதால் அந்த அலைச்சலையும் நம் நடையென்று எண்ணிக்கொள்கின்றன. இந்த விளையாட்டில் நின்றும் குனிந்தும் தேடுகிற நேரமே அதிகம் என்பதால், முதல் கருவி வாங்குபவர் வரைபடத்தையும் திரையின் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் திசைகாட்டி உள்ளதா என்று பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

2023-இல் வெளிவந்த கார்மின் ஈட்ரெக்ஸ் எஸ்இ, ஈட்ரெக்ஸ் தொடரின் மலிவான கருவியாக இருந்தும் திசைகாட்டியோடு வருகிறது. முன்பு தொடக்கநிலையினருக்குப் பலரும் பரிந்துரைத்த ஈட்ரெக்ஸ் 10-இலும், வண்ணத்திரை கொண்ட 22எக்ஸ் கருவியிலும் அது கிடையாது. ஜிபிஎஸ் மட்டுமன்றி குளோநாஸ், கலிலியோ, பெய்டோ துணைக்கோளங்களின் சமிக்ஞையையும் எஸ்இ பெறுவதால், மரக்கிளைகளின் இடைவெளியில் வானம் கொஞ்சமே தெரிந்தாலும் கணக்கிடப் போதிய துணைக்கோளங்கள் கிடைக்கின்றன. இரண்டு ஏஏ மின்கலங்களில் 168 மணி நேரம் இயங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. 22எக்ஸ் கருவிக்கு அது 25 மணி நேரம். மின்கலம் மாற்றிய பின் திசைகாட்டியைச் சீரமைக்க வேண்டும். பூங்கா வாசலில் கருவியைக் கையிலேந்திச் சுழற்றிக்கொண்டிருந்த என்னை, யாருக்குச் சூடம் காட்டுகிறான் இவன் என்பதுபோல ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஈர விரலுக்குக் கைப்பேசித் திரை பணிவதில்லை. எஸ்இ கருவியில் தொடுதிரையே இல்லை, பொத்தான்களும் கட்டைவிரலால் நகர்த்தும் ஒரு சிறு குமிழும்தான். நீர் புகாமையைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்7 தரம் என்பதால் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

குறை என்றால் வரைபடம்தான். 2.2 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் குறித்த இடங்களும் நடந்த தடமும் தெரியும்; விரிவான வரைபடத்தை ஏற்ற வழியில்லை. அம்புக்குத் தெரிந்தது நேர்க்கோடு மட்டுமே. 80 மீட்டர் என்று அது சொல்லும் இடத்துக்கும் நமக்கும் நடுவே ஓடைப் பள்ளம் இருந்தால் அதை நாமே கண்டுகொள்ள வேண்டும். அதனால் நான் வீட்டிலேயே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தைப் பார்த்து, எந்தப் பாதை அருகே செல்கிறது என்று குறித்துக்கொண்டு புறப்படுகிறேன். இது சலிப்பாகத் தோன்றுபவர்கள் திசைகாட்டி, காற்றழுத்த உயரமானி, வண்ண வரைபடம் மூன்றும் அமைந்த 32எக்ஸ் கருவிக்குக் கூடுதலாகச் செலவிடலாம். 22எக்ஸ் கருவியை இந்த விளையாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேஷ் விவரங்களைக் கைப்பேசியின் கார்மின் எக்ஸ்ப்ளோர் செயலி வழியாகக் கருவிக்குக் கொண்டுவரலாம். புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியும் புதிர் கேஷ்களின் இறுதி இடத்தைக் கையால் உள்ளிடும்போதுதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஜியோகேஷிங்கில் ஆயத்தொலைவுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, பாகை, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசம இலக்கங்கள் என்று எழுதுவது வழக்கம். 5° 26.400' என்பதை 26 நிமிடம் 40 விநாடி என்று உள்ளிட்டால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போவோம். மலைச்சரிவில் அது ஒரு காலைப்பொழுதையே விழுங்கும் என்பதை நானே நடந்து கற்றேன். கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சுமார் 1.85 மீட்டர் நகரும்.

வாங்கும்போது உள்ளூர் உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு பேரங்காடிக் கடையில் எனக்கு முதலில் கார் வழிகாட்டியை எடுத்து நீட்டினார்கள், பிறகு சொன்ன விலையும் உத்தரவாத அட்டை கேட்டதும் ஏறியது. நான் வேறு கடைக்குப் போனேன். கருவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்வது நல்லது. நெகிழிப் பையில் போட்டுக் கையில் ஆட்டிக்கொண்டு சென்றால், பூங்கா வாசல் குரங்குகள் உள்ளே இருப்பது வாழைப்பழமா இல்லையா என்று விசாரித்துவிட்டுப் பறிப்பதில்லை.