தெங்குமரஹடா, திம்பம் சைக்கிள் டூர் என்று பணம் கட்டப் போகிறவர்களுக்கு

கோபி (கோபிசெட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்) பக்கம் "பள்ளத்தாக்கும் காடும்" என்று சைக்கிள் டூர் விளம்பரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து முன்பணம் அனுப்பக் கை பரபரக்கிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை டூர்க்காரர் பெயர் போடப் போவதில்லை. ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டிய அடையாளமெல்லாம் கீழே இருக்கிறது.

தலைக்கு 9,500 ரூபாய். கியர் சைக்கிள், கூடவே வரும் வேன், மெக்கானிக், சாப்பாடு, ஆசனூரில் தங்கல் எல்லாம் சேர்த்து. கோபியில் கிளம்பி கொடிவேரி, சத்தி, பவானிசாகர், அங்கிருந்து காட்டு வழியாகத் தெங்குமரஹடா, திரும்பி வந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர். ரூட்டைப் பார்த்ததுமே என் மச்சான், "மாப்ள, தெங்குமரஹடாவுக்கு எப்படி விடுவாங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பவானிசாகரைத் தாண்டி அந்த ஊருக்குப் போகிற சுமார் 25 கிலோமீட்டர் பாதை முழுக்க சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ஊர்க்காரர்களும் அரசு பஸ்ஸும் போகலாம். வெளியாள் தன் வண்டியில் போக வனத்துறை அனுமதி வேண்டும். இதைத்தான் பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எல்லா அனுமதியும் எங்க பொறுப்பு ப்ரோ, லெட்டர் வந்துட்டிருக்கு" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது, புகாரோடு இணைத்திருப்பதும் அதைத்தான்.

கோபியில் காலையில் சைக்கிளைக் கையில் கொடுத்தபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. என் வண்டியில் பின் பிரேக்கைப் பிடித்தால் லிவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பேடில் மெட்டீரியலே இல்லை, இரும்புத் தகடு டிஸ்க்கில் நேராக உரசிக் கோடு போட்டிருக்கிறது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கப் போகிற வண்டி இது. மெக்கானிக் எங்கே என்று கேட்டால் வேன் டிரைவர்தான் மெக்கானிக்காம். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு அலன் கீ செட்டையும் பம்பையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அவன் என்ன செய்வான்? சத்தி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் என் காசில் பேட் மாற்றிக்கொண்டேன்.

பம்பு கதை தனி. கீழ்பவானி வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் ஓட்டவிட்டார்கள். இடம் அருமை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் நிறையத் தண்ணீர், மறுபக்கம் நெல்லும் மஞ்சளும். ஆனால் கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். எங்கள் கூட்டத்தில் வரிசையாகப் பஞ்சர். சைக்கிளில் இருப்பது மெல்லிசான பிரெஸ்டா வால்வு, வேனில் இருக்கும் பம்பின் வாய் பைக், கார் டியூபுக்கானது. இரண்டும் சேரவே சேராது. ஐம்பது ரூபாய்க்கு ஒரு அடாப்டர் கிடைக்கும், அதுகூட இல்லை. கடைசியில் பக்கத்து ஊரில் டீக்கடையை ஒட்டியிருந்த பெரியவர் ஒருவர் கைகொடுத்தார். வால்வின் தலையில் உள்ள சின்னத் திருகை நகத்தால் தளர்த்திவிட்டு, சாதா சைக்கிளுக்கு அடிக்கும் தன் பழைய பம்பை அதன்மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றடித்தார். "இதுக்கு ஏனுங்க வேனு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. காசும் வாங்க மாட்டேன் என்றார், டீக்கு மட்டும் சம்மதித்தார்.

கொடிவேரியில் அருவியும் வறுத்த மீனும் வழக்கம்போல நன்றாக இருந்தன. அதற்கும் டூர்க்காரருக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் பவானிசாகர். காராச்சிக்கொரை சோதனைச் சாவடியில் வனக்காவலர் எழுந்து வந்து, "லெட்டர் இருக்குங்களா தம்பி?" என்றார். வேன் தம்பி முதலாளிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். "ப்ரோ, அங்கயே கொஞ்சம் பேசிப் பாருங்க. ஏதாச்சும் கொடுத்தா விட்டுருவாங்க." எங்களிடம் வாங்கிய பணத்துக்கு மேல், எங்கள் கையாலேயே லஞ்சமும் கொடுக்கச் சொல்கிறார்! காவலர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "காருக்கே லெட்டர் இல்லாம விடறதில்லீங்க, சைக்கிள்ல எப்படிங்க விடறது? ஆனை ரோட்டு மேலயே நிக்குதுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். மாட்டினால் வழக்கும் அபராதமும் மிதித்துப் போனவன் தலையில்தான் விழும், வீட்டில் உட்கார்ந்து மேப்பில் கோடு போட்டவனுக்கு ஒன்றும் ஆகாது.

கோடு என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் போனில் ஏற்றச் சொல்லிக் கொடுத்த ஜிபிஎக்ஸ் ஃபைலை, அதாவது மேப்பில் வழியைக் கோடாகக் காட்டும் ஃபைலை, சாவடி நிழலில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பாதை மோயாற்றங்கரைக்கு வருகிறது, ஆற்றைக் குறுக்கே கடக்கிறது, அந்தப் பக்கம் தெங்குமரஹடாவுக்குள் போகிறது. கடக்கும் இடத்தில் பாலமே கிடையாது. பஸ் இந்தக் கரையோடு நின்றுவிடும், சனங்கள் பரிசலில்தான் அக்கரைக்குப் போவார்கள், தண்ணீர் கூடினால் அதுவும் இல்லை. ஒரு தடவையாவது அங்கே போய்ப் பார்த்தவன் இந்தக் கோட்டைப் போட்டிருக்க மாட்டான். "பல வருடம் ஓட்டிச் சோதித்த பாதை" என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பச்சைப் பொய். கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளி வைத்து மென்பொருள் சேர்த்துக் கொடுத்ததை அப்படியே விற்றிருக்கிறார்கள்.

பிரேக், பம்பு எல்லாம் அலட்சியம் என்று விட்டுவிடலாம். போகவே முடியாத பாதைக்குக் காசு வாங்கியதை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

தெங்குமரஹடா இல்லையென்று ஆனதும் அதே நாள் மதியத்துக்கு மேல் எங்களைத் திம்பத்தில் ஏற்றிவிட்டார்கள். இது இன்னும் மோசம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து அந்த மலைப்பாதையில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை சரக்கு வண்டிகள் போகக் கூடாது, இரவு ஒன்பதுக்கு மேல் காருக்கும் தடை. ஆறு மணிக்குள் ஏறிவிட வேண்டுமென்று லாரிகள் எல்லாம் மதியத்திலிருந்தே முண்டியடிக்கும். வளைவில் ஒரு லாரி திரும்புகிறது என்றால் அதற்கு ரோடு மொத்தமும் வேண்டும். நாங்கள் ஓரத்து ஜல்லியில் காலை ஊன்றி, கிளட்ச் கருகுகிற நாற்றத்தை முகர்ந்துகொண்டு, அது முக்கி முக்கித் திரும்பும்வரை நிற்க வேண்டும். கொடுத்திருந்த சைக்கிளோ முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் எல்லாம் சிறிய பல்சக்கரங்கள், சமதரையில் பறப்பதற்கானது. ஏற்றத்தில் மிதித்தால் முட்டி கழன்றுவிடும். பாதிப் பேர் தள்ளிக்கொண்டுதான் போனோம். வேன் எங்களுக்கு முன்னாலேயே மேலே போய்விட்டது, தண்ணீரும் அதிலேயே போய்விட்டது. திம்பம் போக வேண்டுமென்றால் விடிந்ததும் பண்ணாரியில் கிளம்பி, வெயிலும் லாரியும் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும். சத்தியில் சைக்கிள் ஓட்டுகிற எந்தப் பையனைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

திம்பம் தாண்டி ஆசனூர் போகும் ரோட்டில் இருட்டோடு சைக்கிளில் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கும் அப்பால் காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டில் காத்து நிற்பதைச் செய்தியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திம்பத்திலேயே சைக்கிள்களை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றி, வாடகையை நாங்களே பகிர்ந்துகொண்டு ஆசனூர் போய்ச் சேர்ந்தோம். "வன விடுதி" என்று சொன்ன இடத்தில் எங்கள் பேருக்கு அறையே போட்டிருக்கவில்லை. அந்த ராத்திரியை விவரித்து உங்கள் நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு வந்த பதில்தான் விசேஷம். "வனத்துறை அனுமதி சூழ்நிலையைப் பொறுத்தது, ரீஃபண்ட் பொருந்தாது." அனுமதிக்கு மனுவே போடாதவருக்கு என்ன சூழ்நிலை? மனு போட்டதற்கு ஒப்புகையாவது காட்டுங்கள் என்றேன், என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பணம் போனது தனியாள் ஒருவரின் ஜிபே கணக்குக்கு, பில் கிடையாது.

இப்படி மாட்டியவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், டூர்க்காரர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். யார் டூர் நடத்தினாலும் சரி, காட்டு வழி என்று சொன்னால் உங்கள் தேதி போட்ட வனத்துறைக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். "வந்துட்டிருக்கு" என்றால் அது வந்த பிறகு பணம் அனுப்பிக்கொள்ளலாம்.

அதே ஆசாமி இப்போது வேறு பெயரில், வேறு லோகோவோடு புது டூர் போட்டிருக்கிறார். ஆடியில் தாராபுரத்தில் கிளம்பி உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஆழியாறு. படத்தில் இருப்பது எங்கள் டூரில் எடுத்த போட்டோ, பின்னால் நிற்கிற நீலச் சட்டை என் மச்சான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அந்த ரோட்டில் நேராக முகத்தில் அறையும். அத்தனை காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்த மாதத்தில் ஓட்டுவதென்றால் ஆழியாறில் கிளம்பி தாராபுரத்துக்கு வர வேண்டும், இவர் தலைகீழாகப் போட்டிருக்கிறார். ஆனி முடிவதற்குள் முழுப் பணமும் கட்டச் சொல்கிறாராம். ஏற்கெனவே கட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், புகார் நகலை அனுப்பி வைக்கிறேன்.