பாதை இருக்குன்னு நம்பி 3,75,000 ரூபா குடுத்துட்டேன், நிலம் வாங்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து சாயங்காலம் வக்கீல் ஆபீஸ்ல இருந்து வந்ததுல இருந்து தூக்கமே இல்ல, அந்த ஆத்திரத்துல தான் எழுதறேன். நிலம் வாங்கி விக்கிற ஒரு ஆபீஸ் மூலமா 8 சென்ட் பாத்தேன், ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்கு, நடுவுல பக்கத்து நிலத்துக்காரர் இடத்துல 12 அடி பாதை. அந்த ஆபீஸ்காரர் என்னை அதுலயே நடத்திக் கூட்டிட்டுப் போனார், டிராக்டர் போன தடம் நல்லா தெரிஞ்சுது. "சார், 20 வருஷத்துக்கு மேல ஓடுற பாதை, 1882லயே இதுக்கு சட்டம் இருக்கு, யாராலயும் மறிக்க முடியாது"ன்னு வருஷத்தோட சொன்னார், ஈசியும் (வில்லங்கச் சான்று) எடுத்துக் காட்டினார், ஒரு வில்லங்கமும் இல்ல. இவ்ளோ தெளிவா சொல்றாரேன்னு அங்கயே மனசு விழுந்துடுச்சு, மறுநாளே அக்ரிமென்ட் போட்டு 3,75,000 அட்வான்ஸ் குடுத்தேன்.

மூணாவது வாரம் போனா பாதையில கேட் போட்டு பூட்டு. பக்கத்து நிலத்துக்காரர், பெரியவர், கோவமா கூட பேசல. "தம்பி, இவங்க அப்பா காலத்துல இருந்து என்கிட்ட கேட்டுட்டு தான் போவாங்க, நானும் சரின்னு விட்டேன், இப்போ விக்கிறாங்கன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லல"ன்னார்.

வக்கீல் சொன்னப்போ தான் விஷயமே புரிஞ்சுது. அந்த ஆபீஸ்காரர் சொன்னது 1882 ஈஸ்மென்ட் சட்டம், அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தற உரிமை பத்தினது. கேட்டு வாங்கிப் போறது வெறும் அனுமதி, லைசென்ஸ், அந்தச் சட்டத்துலயே 52ம் பிரிவு. அது அவங்களுக்குக் குடுத்தது, நிலத்தோட சேர்ந்து என்கிட்ட வராது. 15ம் பிரிவுல 20 வருஷம்னு இருக்கறது, யார்கிட்டயும் கேக்காம, எல்லாருக்கும் தெரிய, இது என் உரிமைன்னு தடையில்லாம போயிருந்தா தான். அனுமதி வாங்கி 40 வருஷம் போனாலும் பாத்தியம், அதாவது உரிமை, ஆகாதாம். சரி வேற வழியே இல்லன்னு 13ம் பிரிவுல கேக்கலாமான்னா, பின்னாடி ஒரு 3 அடி சந்து இருக்கு, அது போதும்பாங்க, வண்டி போகலங்கறது நம்ம வசதிப் பிரச்சனை. அதோட ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒருத்தர் கையில இருந்து பிரிஞ்சிருக்கணும், இங்க அதுவும் இல்ல.

ஆபீஸுக்குப் போன் பண்ணா முதல்ல "சார் சைட்ல இருக்கார்", அப்புறம் "செவ்வாய்க்கிழமை வாங்க", செவ்வாய்க்கிழமை போனா "நீங்களே பக்கத்துக்காரர்கிட்ட பேசி முடிச்சுக்கோங்க". கடைசியா அந்த ஆளே நேர்ல, "அக்ரிமென்ட்ல பாதைன்னு எங்கயாவது எழுதியிருக்கா பாருங்க, நீங்க பின்வாங்கினா அட்வான்ஸ் திரும்ப வராது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னார். என்னை அந்தப் பாதையில நடத்திக் கூட்டிட்டுப் போன அதே ஆளு. 3,75,000 ரூபாங்க, என் பொண்டாட்டி நகை வெச்சு எடுத்த பணம்.

விவரமா எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்போ முடியல. ஈசில வில்லங்கம் இல்லன்னா பாதை இருக்குன்னு அர்த்தம் இல்ல, அதுல பதிவான பத்திரம் மட்டும் தான் வரும். புலப்படம் (நிலத்தோட சர்வே வரைபடம்) வாங்கி அதுல பாதை போட்டிருக்கான்னு பாருங்க. பாதை பாத்தியம் எத்தனை அடி, எது வழியான்னு உங்க பத்திரத்துல மட்டும் இருந்தா போதாது, பாதை யார் இடமோ அவர் எழுதிக் குடுத்து பதிவாகியிருக்கணும். முக்கியமா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்கு நேர்ல போய் கேளுங்க, நான் அதைத் தான் செய்யல. திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் போகுது.