பி.எஃப். பாஸ்புக்: விவாகரத்துக் கணக்கில் மூன்றாவது பத்தியைக் கூட்டாதீர்கள்

மனமொத்த விவாகரத்துப் பேச்சில் வீடும் நகையும் முதலில் வந்துவிடும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கடைசியில்தான் வரும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பல நேரம் அதுதான் பெரிய சேமிப்பு. அதை மதிப்பிட, பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் தளத்தில் கிடைக்கும் பாஸ்புக் நல்ல ஆவணம். இலவசம், மாதவாரியான வரவு இருக்கிறது, பிடிஎஃப்-ஆக இறக்கிக்கொள்ளலாம். மிஸ்டு கால் கொடுத்து வாங்கும் எஸ்எம்எஸ் இதற்குப் போதாது.

தகராறு வருவது அதிலுள்ள தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்ற மூன்று பத்திகளை (நெடுவரிசைகளை) படிப்பதில். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் தொழிலாளி பங்கு 4,800. நிறுவனம் போடும் 4,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 3,550 பி.எஃப்.-இல் சேரும். அந்த 1,250-தான் மூன்றாவது பத்தி. அதற்கு வட்டி கிடையாது, அது கையிருப்பும் அல்ல. பத்து ஆண்டு சர்வீஸ் முடிந்தால் சம்பளம் (உச்சம் 15,000) × சர்வீஸ் ÷ 70 என்ற கணக்கில் 58 வயதில் மாத ஓய்வூதியமாக வரும். 15,000 சம்பளத்துக்கு 14 ஆண்டு என்றால் மாதம் 3,000. அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையைச் சேமிப்போடு சேர்த்துப் பாதி கேட்பதும் தப்பு. வேலை மாறியபின் அங்கே பூஜ்யம் தெரிவதைப் பார்த்து ஓய்வூதியமே இல்லை என்று விட்டுவிடுவதும் தப்பு. கணக்கை மாற்றும்போது சர்வீஸ் காலம் கூடவே போகிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறை சேர்ந்தவருக்கு மட்டும் அது நிஜமாகவே பூஜ்யம்.

ஒரே யூஏஎன்-இன் (ஒருவருக்கு நிரந்தரமான பி.எஃப். எண்) கீழ் பழைய வேலைகளின் மெம்பர் ஐடி (வேலைக்கு ஒன்றான கணக்கு எண்) பல இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். முன்பணம் எடுத்திருந்தால் அந்த வரியில் தேதியோடு தெரியும். பிரிவுக்கு முந்தைய மாதங்களை வரிவரியாகப் படிப்பது அவசியம். நடப்பு ஆண்டு வட்டி இன்னும் ஏறியிருக்காது (2024-25-க்கு வட்டி விகிதம் 8.25% ஆக இருந்தது). நிறுவனம் பி.எஃப்.-க்குச் சொந்த டிரஸ்ட் நடத்தினால் இருப்பு இந்தத் தளத்தில் வராது, ஸ்டேட்மென்டை அந்த டிரஸ்டிடம்தான் வாங்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் சேர்ந்ததை ஒதுக்குவது என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அதன் வட்டியையும் ஒதுக்க வேண்டும். அன்று 3 லட்சம் இருந்தது, பத்து ஆண்டு ஆயிற்று என்றால் 8% வட்டியில் அது சுமார் 6.48 லட்சம். வெறும் 3 லட்சத்தைக் கழித்தால் ஒருவருக்கு அநியாயம்.

இந்தச் சேவையின் பெரிய குறை, உறுப்பினரைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது. ஜீவனாம்ச வழக்கில் இதற்கு வழி உண்டு: ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. பாஸ்புக் பிடிஎஃப்-ஐ அதோடு இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். மறைத்தால் பொய்ப் பிரமாணத்துக்கு நடவடிக்கை வரும்.

ஒப்பந்தம் எழுதும்போது “பி.எஃப்.-இல் பாதியை இபிஎஃப்ஓ மனைவிக்குத் தரும்” என்ற வரி பயன்படாது. கணக்கைப் பிரித்து முன்னாள் துணையின் பெயருக்கு மாற்றும் ஏற்பாடே நம் சட்டத்தில் இல்லை. பி.எஃப். சட்டம் அந்தப் பணத்தை ஜப்தியிலிருந்தும் காக்கிறது. ஈடான தொகையை எஃப்.டி.யிலிருந்தோ வீட்டுப் பங்கிலிருந்தோ, இன்ன தேதிக்குள் டிடியாக என்று எழுதுங்கள். ஐந்து ஆண்டு தொடர் சர்வீஸ் முடியாமல் பி.எஃப். எடுத்தால் வரி உண்டு என்பதால் அந்த இருப்பை ரொக்கத்துக்குச் சமமாக வைக்காதீர்கள்.

தீர்ப்பு வந்ததும் இபிஎஃப்ஓ தளத்தில் இ-நாமினேஷனை (இறந்தால் பணம் யாருக்கு என்ற பதிவை) திருத்துங்கள். முன்னாள் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கிடையாது. ஆனால் தகப்பன் இறந்தால் பிள்ளைகளுக்கு 25 வயது வரை உண்டு. அவர்கள் பெயரையும், மைனர் என்றால் காப்பாளர் பெயரையும் விடாமல் சேர்க்கச் சொல்லுங்கள்.