சம்பள நாளில் நின்றுபோன கல்லா

கணினி ரிப்பேருக்கு 120 வெள்ளி கொடுத்தேன். ரசீது கையால் எழுதியது, அதில் ஒரு முத்திரைகூட இல்லை. போன் அடித்தால் லேசில் எடுக்கமாட்டார். இருந்தாலும் அடுத்த தடவையும் இவரைத்தான் கூப்பிடுவேன். சுங்கை சிப்புட் கடைத்தெருவில், தையல் கடைக்கு மேல்மாடியில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியைத்தான் சொல்கிறேன்.

எங்களுடையது மளிகைக் கடை. முன்பு தோட்டத்துச் சனங்களின் கடன் கணக்கை 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது எல்லாம் மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் உபுண்டு இயங்குதளத்தில் ஓடும் சர்வரில், அதாவது கணக்கெல்லாம் வைத்திருக்கும் கணினியில். முன்னால் இரண்டு கல்லா, ஸ்டோரில் ஒரு கணினி. மூன்றும் அந்தச் சர்வரைக் கேட்டுத்தான் பில் போடும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் அமைத்துக் கொடுத்தது.

புது இணையத்துக்கு ரவுட்டரை மாற்றியதும் பில் நின்றது. அப்போது வேறொருவர் வந்தார். ஒரு மணிநேரம் தட்டினார், “சரியாயிடுச்சு” என்றார், 150 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து, சம்பளம் போட்ட சனிக்கிழமை, இடிமழையில் கரண்டு போய் வந்தது. கல்லா இரண்டும் செத்துவிட்டன. வாசல் வரைக்கும் ஆள், எல்லார் கையிலும் சாமான் கூடை. பழைய 555-ஐத் தேடி எடுத்தேன்.

இந்தத் தம்பி வந்ததும் எதையும் தொடவில்லை. முதலில் ஒரு கேள்வி. “அக்கா, பில்லைத் தட்டுனா உடனே முடியாதுன்னு சொல்லுதா, இல்ல சுத்திக்கிட்டே இருக்குதா?” சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம் அவுட் என்று வருகிறது என்றேன். உடனே மறுத்தால் பெரும்பாலும் சர்வரில் மென்பொருள் ஓடவில்லை என்று அர்த்தமாம். பதிலே வராமல் சுற்றினால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள். சர்வருக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் என்கிற மென்பொருள் அப்படித்தான் செய்யுமாம், வந்ததைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

கல்லாவிலிருந்து பிங் அடித்தால், அதாவது ‘இருக்கியா?’ என்று ஒரு சின்னக் கேள்வி அனுப்பினால், சர்வர் பதில் சொன்னது. “அப்போ ஒயர் நல்லாத்தானே இருக்கு?” என்று நான் கேட்டேன். ஒயர் நல்லதுதான், ஆனால் பிங்குக்கு பதில் வருவதால் பில்லுக்கும் வழி திறந்திருக்கிறது என்று ஆகாதாம். உபுண்டுவில் இருக்கும் யூஎஃப்டபிள்யூ என்கிற ஃபயர்வால், பிங்கைச் சாதாரணமாகவே விட்டுவிடும்.

தம்பியின் மடிக்கணினியாலும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. சிசிடிவி திரையைக் கழற்றி, மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து சர்வரில் நேராகவே மாட்டினார். கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளம் 5432 போர்ட்டில், அதாவது அதற்கான வாசல் எண்ணில், விழித்துத்தான் இருந்தது. அப்புறம் ஃபயர்வால் பதிவைத் திறந்தார். ஒரே மாதிரி வரிகள் சரசரவென்று ஓடின. ஒன்றை நிறுத்தி விரலை வைத்துக் காட்டினார்: அனுப்பியது 192.168.1.23 என்ற முகவரி, போக வேண்டியது 5432, முன்னால் ‘பிளாக்’, அதாவது தடுத்தாயிற்று. அந்த 23 எங்கள் முதல் கல்லா.

ஃபயர்வாலின் விதிப் பட்டியலில் மகன் எழுதியிருந்தது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி. புது ரவுட்டர் கொடுப்பதோ 192.168.1. ஒரு பூஜ்யம் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். முன்பு வந்தவர் அந்த வரியைத் திருத்தவில்லை. ஃபயர்வாலையே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், நிறுத்திய நாளும் நேரமும் சர்வரிலேயே பதிவாகியிருந்தன. இரண்டு வாரம் எங்கள் கடன் கணக்கு காவல் இல்லாமல் கிடந்திருக்கிறது. கரண்டு போய் வந்ததும் ஃபயர்வால் தானாக எழுந்து, பழைய விதியையே பிடித்துக்கொண்டது. 150 வெள்ளி நினைத்து இன்னும் வயிறு எரிகிறது.

ஒன்றை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ சுவரில் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வர்டைப் பார்த்தார். சாமான் வாங்க வரும் பிள்ளைகளும் இதே ரவுட்டரில்தானே இருக்கிறார்கள்? அதனால் 192.168.1 முழுவதற்கும் திறக்காமல் மூன்று கணினிகளின் முகவரியை மட்டும் எழுதினார். அந்த முகவரிகள் மாறாதபடி ரவுட்டரிலும் கட்டிவைத்தார். பழைய வரியை அழித்தார்.

கல்லா திறந்தது. பாதி வரிசை நகர்ந்திருக்கும், “அக்கா, சர்வரை ஒருதரம் அணைச்சுப் போடணும்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, கூட்டத்தை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு? “இப்ப அணைச்சுப் பார்க்கலன்னா அடுத்த மழைக்குத்தான் தெரியும்” என்றார். நாலு நிமிடம் ஆயிற்று. சர்வர் எழுந்தது, யாரும் எதையும் தொடாமலே பில் ஓடியது.

குறை இல்லாமல் இல்லை. முகவரியை இப்படி இறுக்கிக் கட்டியதால் புது இயந்திரம் வாங்கினால் அவரையே தேட வேண்டும், விதியில் ஒரு வரி சேர்க்க. போன வாரம் மூன்றாவது கல்லா வாங்கினேன். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்து, “திங்கக்கிழமை வர்றேன்க்கா” என்றார். அது வரைக்கும் புதுக் கல்லா பிளாஸ்டிக் உறையோடு பருப்பு டின்னுக்குப் பக்கத்தில் நிற்கிறது.