இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டுக்கு எந்த எடை மெஷின்?

பாளையங்கோட்டைக் கடைகளில் கிடைக்கும் முள் சுற்றும் மெஷின் இந்த நோய்க்கு உதவாது. பெரும்பாலும் அதில் ஒரு கோடு ஒரு கிலோ. இதயத்தின் பம்ப் தளர்ந்தால் உடம்பில் நீர் கோக்கும். ஒரு லிட்டர் நீர் என்றால் ஒரு கிலோ. கால் வீக்கம் கண்ணில் படுமுன்பே எடை ஏறிவிடலாம். ஆகவே 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷின்தான் சரி.

கண்ணாடித் தட்டு ஈரக்காலுக்கு வழுக்கும். ரப்பர் மேல்தட்டு நல்லது. கொழுப்பு அளவு காட்டும் வகை உடம்புக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்தும். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை!

பாயிலோ மேடுபள்ளத் தரையிலோ வைத்தால் எண் தவறும். காலையில் சிறுநீர் கழித்து, காப்பிக்கு முன், ஒரே மாதிரி உடுப்பில் ஏறி, காலண்டரில் குறியுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரிடம் பேசுங்கள். அவர் சொல்லாமல் நீர் மாத்திரையைக் கூட்ட வேண்டாம். கோயில் கொடை விருந்துக்குப் பிறகு எண் எகிறினால் சோற்றைக் குறை சொல்லாதீர்கள். அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாயின் உப்பைப் பாருங்கள்; உப்புதான் நீரைத் தேக்கும். அதற்காகப் பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்புக்கு மாறுவதும், ஸ்பைரனோலாக்டோன் (உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து.