பெண் வரலாற்றில் முனைவர் பட்டம்: வரலாற்றுத் துறையா, மகளிரியல் துறையா?

மதுரை வட்டாரத்தில் பெண்களின் வரலாற்றை ஆராய விரும்பும் முதுகலை மாணவிக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. வரலாற்றுத் துறையில் பதிவு செய்துகொண்டு பெண்கள் சார்ந்த தலைப்பை எடுக்கலாம். அல்லது மகளிரியல் துறையில் பதிவு செய்துகொண்டு வரலாறு சார்ந்த தலைப்பை எடுக்கலாம். நான் முதல் வழியில் போனவள். மேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் பாகப்பிரிவினைப் பத்திரங்களையும், சொத்தில் தமக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்களையும் வைத்து ஆய்வேட்டை எழுதி முடித்தேன். என்னோடு முதுகலை படித்த தோழி மகளிரியலுக்குப் போனார். என் சாய்வு வரலாற்றுத் துறையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளிரியலைப் பற்றி நான் எழுதுவது தோழியின் ஆய்வைப் பக்கத்திலிருந்து பார்த்ததையும் கருத்தரங்குகளில் கேட்டதையும் கொண்டுதான். அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம், விடுதி, உதவித்தொகை ஆகியவற்றில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் மகளிரியலுக்குத் தனித் துறை இருக்கிறது. பெண்களுக்கென்றே 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா பல்கலைக்கழகம் கொடைக்கானலில் இருக்கிறது. ஆகவே வீட்டை விட்டு வெகுதூரம் போகவேண்டியிருக்குமோ என்ற கவலை பெரும்பாலோருக்கு எழாது. வேலையைப் பொறுத்தவரை, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது என்றாலும், கல்லூரிகளில் வரலாற்றுத் துறைகளின் எண்ணிக்கையோடு மகளிரியல் துறைகளின் எண்ணிக்கையை ஒப்பிடவே முடியாது. மறுபுறம், தொண்டு நிறுவனங்களும் அரசுத் திட்டங்களும் மகளிரியல் படித்தவர்களைத் தேடி அழைக்கின்றன. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

இரண்டு துறைகளின் பழக்கங்களும் இவ்வளவு மாறுபடுவதற்குக் காரணம், பெண் வரலாறு என்ற புலம் ஒவ்வோர் இடத்திலும் வளர்ந்த விதமே. அமெரிக்காவில் அதை உயர்கல்விக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் வரலாற்றாசிரியர்கள். கெர்டா லெர்னர் 1963இல், தாம் இளங்கலை மாணவியாக இருந்த காலத்திலேயே, நியூயார்க்கில் பெண்களின் வரலாற்றைப் பாடமாக நடத்தினார். 1972இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் அந்நாட்டின் முதல் பெண் வரலாற்று முதுகலைப் படிப்பு அவருடைய முயற்சியில் உருவானது. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அதே புலத்தில் முனைவர் பட்டத்துக்கும் அவர் வழியமைத்தார். சாரா லாரன்ஸில் அவரோடு பணியாற்றிய ஜோன் கெல்லி மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவை ஆராய்ந்தவர். பெண்களுக்கு மறுமலர்ச்சிக் காலம் என்று ஒன்று இருந்ததா என்று 1977இல் அவர் எழுப்பிய கேள்வி, காலப் பகுப்பையே ஆட்டங்காணச் செய்தது. பாலினம் என்பதை வரலாற்று ஆய்வின் அடிப்படைக் கருத்தாகவே கொள்ளவேண்டும் என்று ஜோன் ஸ்காட் 1986இல் வாதிட்டார். இவர்கள் மூவரும் ஆவணங்களில் ஊறியவர்கள்.

இந்தியாவில் தொடக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. மத்திய அரசு 1971இல் அமைத்த பெண்களின் நிலை குறித்த குழு, வீணா மஜும்தார் உறுப்பினர் செயலராக இருக்க, 1974இல் அறிக்கை அளித்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930 ஆகக் குறைந்திருந்ததை அந்த அறிக்கை நாட்டின் முன் வைத்தபோது, சுதந்திரம் வந்ததும் பெண்களின் நிலை தானாக உயர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை தகர்ந்தது. அதே 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வு மையம் தொடங்கியது; 1980இல் டெல்லியில் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையமும், 1982இல் மகளிரியலுக்கான அகில இந்தியச் சங்கமும் உருவாயின. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் மகளிரியல் மையங்கள் பரவின. நிகழ்காலத்தின் அவசரத்திலிருந்து பிறந்த புலம் என்பதால் கணக்கெடுப்பும் களஆய்வும் கொள்கைப் பரிந்துரையும் அதன் இயல்பாயின. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலத்தில், பழைய பதிவேடுகளைப் புரட்டுவதா முதல் வேலை என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

இருந்தாலும், ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெண்களைப் பற்றி எழுதப் புகும்போது எல்லாம் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஆவணத்தைப் படிக்கும் பயிற்சி. என் முடிவைத் தீர்மானித்தது இதுவே.

விடுதலைப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழுத்து மடிப்புகளில் விரிசல் விட்ட முத்திரைத்தாள்; கோர்த்து எழுதிய, புள்ளி வைக்காத கையெழுத்து; நிலத்தின் அளவு மாவிலும் காணியிலும் முந்திரியிலும். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று என்று தெரியாதவருக்கு, அந்தப் பெண் எதை விட்டுக்கொடுத்தார் என்றே தெரியாது. ஆண்டு, வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டில் இருக்கும்; 1340 என்றிருந்தால் 590ஐக் கூட்டி 1930-31 என்று கொள்ளவேண்டும், பசலி ஜூலையில் தொடங்குவதால் மாதத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பெண்ணின் பெயருக்கு முன்னால் இன்னார் மனைவி, இன்னார் குமாரத்தி என்ற அடையாளம் வரும். கடைசியில், ‘இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்ற வரி. அதன் கீழே மை பரவிய இடது பெருவிரல் ரேகை. அதற்குப் பக்கத்தில் அது யாருடைய ரேகை என்று பத்திரம் எழுதுபவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் எழுத்தில் எஞ்சியது பெரும்பாலும் அந்த ஒரு தாள் மட்டுமே.

படித்துவிட்டால் போதாது, அந்தத் தாள் ஏன் எழுதப்பட்டது என்றும் கேட்கவேண்டும். 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்கு மட்டுமே, அதுவும் அவர் வாழ்நாள் வரைக்குமான வரையறுக்கப்பட்ட உரிமையை அளித்தது. மகளுக்கு அதில் இடமில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல் வகை வாரிசாக்கியது. 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்பிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்றது. மத்தியச் சட்டம் அந்த நிலைக்கு வர 2005 ஆயிற்று. நான் பார்த்த பத்திரங்களில் 1956க்குப் பிறகு மகள்களின் பெயர்கள் மிகுதியாக வரத் தொடங்குகின்றன. அதைக் கண்டு பெண்களின் நிலை உயர்ந்தது என்று எழுதிவிட்டால் அது பெரும்பிழை. மகளின் கையெழுத்து இல்லாவிட்டால் பின்னாளில் வில்லங்கம் வரும் என்று நிலத்தை வாங்குபவர் அஞ்சினார். அதனால்தான் மகளின் பெயர் ஏறியது. சொத்தைவிட்டு வெளியேறும் வேளையில்தான் அவர் ஆவணத்துக்குள்ளேயே வருகிறார். இந்த நுட்பம் ஒரே ஊரின் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் யாருடைய தேவைக்காக உருவானது என்று விசாரிக்கும்போதே தென்படும். அந்த விசாரணையை எனக்குக் கற்பித்தது வரலாற்றுத் துறை. பழைய கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர் மாலை நேரங்களில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

முன்பு இந்தப் பயிற்சிக்கு முனைவர் பட்டத்துக்கு முந்தைய எம்.ஃபில். ஆண்டு இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது முதுகலையிலோ முனைவர் பட்டப் பாடப்பகுதியிலோதான் கற்றாகவேண்டும். அதனால் சேரும் துறையின் பழக்கம் முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

வரலாற்றுத் துறையின் குறையையும் மறைக்கக் கூடாது. பெண் வரலாறு என்றால் ராணி மங்கம்மாள், வேலு நாச்சியார் என்று அரசியரோடு நின்றுவிடும் ஆய்வேடுகள் இன்னும் வருகின்றன. மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இன்று காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது என்பது மதுரையில் குழந்தைகளுக்கும் தெரியும். அந்த அரண்மனையில் வேலை செய்த பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாடக மேடையிலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்து, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரான கே.பி.ஜானகியம்மாளைப் பற்றி எழுதுவோரும் சாதனைப் பட்டியலோடு முடித்துக்கொள்கிறார்கள். மேடையில் பாடி நடித்த ஒரு பெண்ணை அன்றைய மதுரை எப்படிப் பார்த்தது, அந்தப் பார்வையை மீறி அரசியல் கூட்டம் அவர் பேச்சைக் கேட்டது எப்படி என்ற கேள்விகளைக் கேட்கும் கூர்மை மகளிரியல் மாணவிகளிடம் கூடுதலாக இருப்பதைக் கருத்தரங்குகளில் கண்டிருக்கிறேன்.

வாய்மொழி வரலாற்றிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பத்திரத்தில் ரேகை வைத்த பெண்களில் உயிரோடு இருந்த சிலரைப் பார்க்கப் போனபோது தோழியையும் அழைத்துப் போனேன். அண்ணன் வீட்டில் எல்லோர் முன்பும் ‘மனசார எழுதிக் கொடுத்தேன்’ என்ற பாட்டி, தோழி தனியாக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த பிறகு, ‘நாளைக்கு எம் புள்ளைக்குக் காதுகுத்துன்னா தாய்மாமன் சீரு வரணும்ல, வாசல அடைச்சுக்கிட முடியுமா?’ என்றார். எந்தப் பத்திரத்திலும் இல்லாத காரணம் அது. யாரை எங்கே உட்காரவைத்துக் கேட்பது, எதைப் பதிவு செய்யாமல் விடுவது என்பதில் தோழிக்கு இருந்த பயிற்சி எனக்கு இல்லை. ஆயினும், அந்தப் பாட்டியிடம் போவதற்கு வழிகாட்டியதே பத்திரம்தான் என்பதால் என் சாய்வு மாறவில்லை.

உங்கள் தலைப்பு கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்குவதாக இருந்து, அதில் வாழ்ந்த பெண்களிடம் நேரில் பேச முடியுமென்றால் மகளிரியலே பொருத்தமானது. மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றியோ ஆலைத் தொழிலாளர் பெண்களைப் பற்றியோ எழுதுவதற்கு வரலாற்றுத் துறையைக் கட்டிக்கொள்ளத் தேவையில்லை. அதற்கு முந்தைய காலமென்றால் வரலாற்றுத் துறைக்கே போங்கள். நெறியாளர் பெண் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்தானா என்பதை மட்டும் அவர் நெறிப்படுத்திய ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே மகளிரியலில் சேர்ந்துவிட்டவர்கள் பட்டத்தை மாற்றிக்கொள்ள அலையவேண்டாம். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பாட்டன் காலத்துப் பத்திரம் ஒன்றை எடுத்து, படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரிடம் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். பசலிக் கணக்கும் பின்ன அளவுகளும் பிடிபட்ட பின், துறையின் அறிமுகக் கடிதத்தோடு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம்.