ஒரே சுவரில் இரண்டு காலம்: இன்கா பயணத்துக்குப் பெருவா, எக்வடோரா, பொலிவியாவா?

ஸ்பானியர் வருவதற்கு முன் தென் அமெரிக்க மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் பாரம்பரியத்தையும், ஸ்பானியர் கட்டிய பழைய நகரங்களையும் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் பயணங்கள் முக்கியமாக மூன்று நாடுகளுக்குக் கிடைக்கின்றன: பெரு, எக்வடோர், பொலிவியா. திட்டத் தாளை மட்டும் படித்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு பெரிய சதுக்கம், உள்ளெல்லாம் பொன்தகடு ஒட்டிய ஒரு தேவாலயம், ஓர் இன்கா இடிபாடு, மலை ரயிலோ ஏரிப் படகோ ஒன்று. ஊரில் போய் இறங்கிய பிறகுதான் மூன்றும் வேறு வேறு கதை சொல்வது புரியும். அவ்வளவு தூரம் விமானம் மாறி மாறிப் போய் லட்சக்கணக்கில் செலவழிப்பவர், தனக்கு எந்தக் கதை வேண்டும் என்று முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

பெருவுக்கும் எக்வடோருக்கும் நான் இப்படிப்பட்ட குழுப் பயணங்களில்தான் போனேன். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இன்காவும் ஸ்பெயினும் எங்கே ஒரே சுவரில் தெரிகின்றன? ஒன்றின் தலைமேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்த அந்த இடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெரு

அந்தச் சுவர் இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோவில் இருக்கிறது. இன்காக்களின் தலைமைச் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவின் மேல் ஸ்பானியர் சாந்தோ டொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். தெருவில் நின்று பார்த்தால், கீழே கரும்சாம்பல் கல்லில் வளைந்து போகும் இன்கா சுவர். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நகம் நுழையாது. அதற்கு மேலே மடம். உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றத்தை ஒட்டியே பழைய கோயில் அறைகள் நிற்கின்றன. வாசல்கள் மேலே போகப் போகக் குறுகுகின்றன, சுவர்கள் பின்பக்கம் லேசாகச் சாய்கின்றன.

அந்தச் சாய்வைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். எங்கள் வழிகாட்டி ஒரு நூலில் தன் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டார். சாவி சுவரின் அடிக்குப் பக்கத்தில் நின்றது. நூலைப் பிடித்திருந்த கைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. 1650லும் 1950லும் வந்த நிலநடுக்கங்களில் மடம் இடிந்ததும் இன்கா சுவர் அசையாமல் நின்றதும் எப்படி என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை. 1950ல் மேல் கட்டடம் சரிந்த பிறகுதான், அதுவரை பூச்சுக்குள் மறைந்திருந்த அறைகள் வெளிச்சத்துக்கு வந்தன.

இப்படி ஓர் இடம் மட்டும் இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். குஸ்கோ முழுக்க இதேதான். ஆத்துன் ரூமியோக் சந்தில் எல்லாரும் படம் எடுக்கும் பன்னிரண்டு மூலைக் கல், பேராயர் மாளிகைச் சுவரின் அடிப்பாகம். கதீட்ரலுக்கு 1560ல் அடிக்கல் போட்டு முடிக்க 1654 ஆனது. அதற்கான கல்லில் பெரும்பங்கு, ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் சக்சாய்வாமன் கோட்டையிலிருந்து பெயர்த்தது. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள கற்களை மட்டும் யாராலும் நகர்த்த முடியவில்லை. அவை இன்றும் அங்கேயே வளைந்து வளைந்து வரிசை கட்டி நிற்கின்றன. அதே கதீட்ரலுக்குள் மார்க்கோஸ் சபாத்தா என்ற உள்ளூர் ஓவியர் வரைந்த 'கடைசி இராவுணவு' இருக்கிறது. இயேசுவுக்கு முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது குய் என்று அங்கே அழைக்கப்படும் கினிப்பன்றி. ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டுத் தன் ஊர் விருந்து உணவை வைத்த அந்தக் கையை நினைத்து நான் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பெருவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஏழெட்டு நாள் பேக்கேஜ்களில் பலவும் குஸ்கோவை ராத்தங்கும் இடமாகவே வைத்திருக்கின்றன. லிமாவில் ஒரு நாள், விமானத்தில் குஸ்கோ, மறுநாள் மலைமேல் இருக்கும் இன்கா ஊரான மச்சு பிச்சுவுக்கு ரயில், திரும்பி வந்து ஊருக்குப் புறப்பாடு. லிமா கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். ஒன்றரை மணி நேர விமானத்தில் அந்த உயரத்துக்கு ஏறினால் உடம்பு ஏற்காது. அங்கே இதற்கு சோரோச்சே என்று பெயர். எங்கள் குழுவை முதல் நாள் மதியமே கோரிகாஞ்சாவுக்குக் கூட்டிப்போனார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு அறையில் படுத்திருந்தேன். திட்டம் போட்ட நிறுவனம் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். நல்ல வேளையாகக் கடைசி நாள் காலை கொஞ்ச நேரம் கிடைத்தது; அந்த வழிகாட்டியையே தனியாகக் கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்ததுதான் மேலே சொன்ன சாவிக் கதை.

ஆகவே பெரு திட்டங்களுக்குள்ளேயே ஒப்பிட வேண்டியது வரிசையைத்தான். விமான நிலையத்திலிருந்து நேரே கீழே இறங்கி, சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயாந்தாய்தாம்போவில் முதல் இரண்டு இரவு தங்கவைக்கும் திட்டம் நல்ல திட்டம். இன்கா காலத்துத் தெருக்களில் மக்கள் இன்னும் குடியிருக்கும் ஊர் அது. வாசலோரம் கல் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மச்சு பிச்சு ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது.

இன்னும் நல்லது, லிமாவுக்கு அடுத்து 2,335 மீட்டரில் இருக்கும் அரெக்கிப்பாவுக்குப் போய், உடம்பைப் பழக்கிக்கொண்டு மேலே ஏறும் திட்டம். பின்னால் மிஸ்தி எரிமலை, முன்னால் சில்லார் என்ற வெண்மையான எரிமலைக் கல்லால் கட்டிய நகரம். 1579ல் தொடங்கிய சாந்தா கத்தலீனா கன்னியர் மடம் ஊருக்குள் ஒரு தனி ஊர். சிவப்பும் நீலமும் பூசிய சந்துகள், ஒவ்வொரு கன்னியருக்கும் தனி அடுக்களை. 1970ல்தான் வெளியாருக்குத் திறந்தார்கள். அதே ஊர் அருங்காட்சியகத்தில் 1995ல் அம்பாத்தோ மலை உச்சியில் கண்டெடுத்த 'குவானிதா' பற்றிச் சொல்கிறார்கள். இன்காக்கள் மலைத் தெய்வத்துக்குப் பலி கொடுத்த சிறுமி அவள், பனியில் உறைந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் இருந்தவள். இன்காவை வெறும் கல்வேலைக்காரர்களாக மட்டும் பார்த்துவிட்டு வராமல் இருக்க இந்த நிறுத்தம் உதவும்.

மச்சு பிச்சுவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை; எல்லாரும் எழுதியாயிற்று. ஒரு விஷயம் மட்டும். அங்கே ஸ்பானிய அடுக்கே கிடையாது. குஸ்கோவில் தலை வெட்டப்பட்ட சுவர்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால்தான் முழு உருவம் புரியும். அதனால் அதைப் பயணத்தின் பிற்பகுதியில் வைக்கும் திட்டமே சரி. 2024 முதல் நுழைவுச் சீட்டுகள் தனித்தனிச் சுற்றுப்பாதைகளுக்கு என்று கொடுக்கப்படுகின்றன. படங்களில் நாம் பார்த்துப் பழகிய காட்சி முதலாம், இரண்டாம் சுற்றுகளிலிருந்து தெரிவது. மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதியோடு முடிந்துவிடும். 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று மட்டும் தாளில் இருந்தால் போதாது. எந்தச் சுற்று என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்தே போகும் இன்கா பாதை வேண்டுமென்றால் வழிகாட்டி, சுமைதூக்குவோர் எல்லாரும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள்.

எக்வடோர்

நகரத்தை நகரமாகவே ரசிக்க வேண்டும் என்றால் நான் தலைநகர் கீட்டோவைத்தான் சொல்வேன், குஸ்கோவை இல்லை. 1978ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோதே இடம்பெற்ற ஊர். ஏசு சபையாரின் லா கொம்பஞ்ஞியா தேவாலயத்தை 1605ல் ஆரம்பித்து 160 ஆண்டுகள் கட்டினார்கள். உள்ளே நுழைந்தால் கூரை, தூண், பீடம் எல்லாம் பொன்தகடு. கண் நிலைகொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நாலு எட்டு தள்ளி சான் பிரான்சிஸ்கோ தேவாலயம். அதன் தலைப்பீடத்தில் பெர்னார்தோ தே லெகார்தா 1734ல் செதுக்கிய கன்னி மரியா நிற்கிறாள். மற்ற ஊர்களின் மரியாளைப்போல அமைதியாகக் கைகூப்பி நிற்பவள் இல்லை. சிறகு விரித்து, இடுப்பை ஒடித்து, நடனமாடுவதுபோலப் பாம்பின் மேல் கால் வைத்திருக்கிறாள். உள்ளூர்ச் சிற்பிகள் ஐரோப்பிய உருவத்தைத் தங்கள் கைக்கு வளைத்துக்கொண்ட 'கீட்டோ பாணி'யை இதைவிட நன்றாக விளக்க முடியாது. வெளியே வந்து பனெசியோ குன்றைப் பார்த்தால், இதே மரியாள் அலுமினியத்தில் பழைய ஊரைப் பார்த்தபடி நிற்பாள்.

ஆனால் கீட்டோவில் இன்கா எங்கே? ஏறக்குறைய இல்லை. 1534ல் ஸ்பானியர் நெருங்கியபோது, இன்கா அரசன் அதவால்பாவின் தளபதி ரூமிஞாவி ஊரை எரித்துவிட்டே பின்வாங்கினான். அந்தச் சாம்பலின் மேல் எழுந்ததுதான் இன்றைய நகரம். 'இன்கா நகரம் கீட்டோ' என்று தாளில் எழுதியிருந்தால் அதை நம்பி ஏமாறாதீர்கள்.

இன்காவைத் தேடித் தெற்கே குவென்காவுக்குப் போக வேண்டும். இன்கா அரசன் உவாய்னா காபாக் பிறந்த ஊராகச் சொல்லப்படும் தோமெபாம்பா இருந்த இடம். அவன் மகன்கள் உவாஸ்கரும் அதவால்பாவும் மோதிக்கொண்ட போரில் அது அழிந்தது. 1557ல் ஸ்பானியர் அங்கே குவென்காவை நிறுவினார்கள். ஆற்றங்கரையில் தோதோஸ் சாந்தோஸ் என்ற சின்ன அகழ்விடம் இருக்கிறது. பழைய கல்சுவர், அதை ஒட்டி அதே கற்களை எடுத்துக் கட்டிய ஸ்பானியத் தண்ணீர் ஆலை. பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். எக்வடோரில் நான் தேடிய சுவர் அதுதான். குஸ்கோவுக்கு முன்னால் ரொம்பச் சின்னது, ஆனால் கூட்டமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அங்கிருந்து ஒரு நாள் பயணமாக இங்காபிர்கா. முட்டை வடிவத்தில் ஒரு சூரியக் கோயில், சுற்றிலும் கன்யாரி மக்களின் வயல்கள். எக்வடோர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இங்கேதான். குஸ்கோவில் வழிகாட்டிகள் இன்காவை 'நாங்கள்' என்று சொல்வார்கள். இங்காபிர்காவில் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய கன்யாரிப் பெண், இன்காவை 'அவர்கள்' என்றார். கன்யாரிகளை இன்காக்கள் அடக்கியது 15ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். ஸ்பானியர் வந்ததும் கன்யாரிகள் ஸ்பானியரோடு சேர்ந்து இன்காவை எதிர்த்தார்கள். இன்கா பாரம்பரியம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதை, இன்காவிடம் தோற்றவர்களின் பேத்தி வாயால் கேட்பது வேறு அனுபவம். பெரு திட்டங்களில் இது கிடைக்காது.

சௌகரியத்தில் எக்வடோர் முன்னால் நிற்கிறது. கீட்டோ 2,850 மீட்டர், குவென்கா 2,550 மீட்டர்; உடம்பு சீக்கிரம் பழகிவிடும். 2000 முதல் அமெரிக்க டாலரே நாட்டுப் பணம் என்பதால் மாற்றும் வேலை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்ட லோக்ரோ சூப், யப்பிங்காச்சோ என்ற உருளை அடை இரண்டும் துணை. பெரு, எக்வடோர் இரண்டிலுமே காய்கறி சூப்பில் கோழிச்சாறு கலந்திருக்கலாம், கேட்டுவிட்டே குடியுங்கள்.

பொலிவியா

இதை முதல் பயணமாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்கா பங்கு இங்கே குறைவு. தித்திகாக்கா ஏரியில் சூரியத் தீவு இருக்கிறது, முதல் இன்கா தோன்றியதாகக் கதை சொல்லப்படும் இடம். திவானாக்கு இடிபாடுகளை இன்கா என்று சேர்த்து விற்கிறார்கள், ஆனால் அது இன்காவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது.

ஆனால் காலனிய நகரங்களின் பொன்னுக்கும் வெள்ளிக்கும் யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பவருக்குப் போத்தோசி தவிர வேறு ஊர் இல்லை. 1545ல் செர்ரோ ரிக்கோ மலையில் வெள்ளி கண்டுபிடித்தார்கள். இன்கா அரசு சாலைக்கும் வயலுக்கும் முறைவைத்து ஆள் கேட்ட 'மித்தா' வழக்கத்தையே, 1570களில் வைசிராய் தொலேதோ சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கும் சட்டமாக மாற்றினார். நாணயச்சாலையில் கோவேறு கழுதைகளைப் பூட்டிச் சுற்றிய மரப் பல்சக்கரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. அதைப் பாருங்கள். சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும் சுற்றுலாவைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே இன்றும் மனிதர்கள் மூச்சுத் திணறி வேலை செய்கிறார்கள், அது நமக்குக் காட்சி ஆகக்கூடாது. ஊர் 4,000 மீட்டருக்கு மேல் என்பதால் வெள்ளைச் சுவர் நகரமான சுக்ரேயில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிற திட்டமாகப் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது?

இன்காவும் ஸ்பெயினும் சம அளவில் வேண்டும் என்றால் பெரு. ஆனால் பன்னிரண்டு நாளுக்குக் குறையாமல், அரெக்கிப்பா சேர்த்து, குஸ்கோ ஊருக்குள் மட்டும் முழுதாக இரண்டு பகல் விட்டு. எட்டு நாள்தான் விடுமுறை, உயரம் பயமாக இருக்கிறது, அறுபது தாண்டிய அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள் என்றால், அவசரப் பெருவைவிட நிதானமான எக்வடோர் எவ்வளவோ மேல். பெருவின் மலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூன் 24ல் இன்டி ராய்மி திருவிழா வருவதால் அந்த வாரம் குஸ்கோவில் அறை கிடைப்பதே பாடு. எங்கே போனாலும் கோக்கா இலைத் தேநீரை அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். இலையைப் பெட்டியில் போட்டு இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம்.

பெரு திட்டம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது அந்தாவாய்லியாஸ் என்ற பெயரை. குஸ்கோவிலிருந்து புனோ போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கிராமம். வெளியே சாதாரண மண்சுவர்த் தேவாலயம், உள்ளே கூரை வரை ஓவியம். ஞானஸ்நான அறையின் வாசலைச் சுற்றி 'நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்ற வாசகத்தை லத்தீன், ஸ்பானியம், கெச்சுவா, ஐமாரா, புக்கீனா என்று ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பேருந்து அங்கே நின்றது இருபது நிமிடம். வழிகாட்டி முதல் நான்கையும் வாசித்துக் காட்டினார். ஐந்தாவதை விரலால் தொடாமல் சுட்டிக்காட்டி, இதைப் பேச இப்போது யாரும் இல்லை என்றார்.